தக்கன பிழைக்கும் என்றால் இரக்கம் எப்படிப் பிழைத்தது?

உயிரியல் பாடத்தில் டார்வினின் பரிணாமக் கொள்கையைப் படித்திருப்பீர்கள். உயிரினங்கள் தேவைக்கு மிகுதியாகவே பெருகுகின்றன; உணவும் இடமும் அவை எல்லாவற்றுக்கும் போதுவதில்லை; எனவே வாழ்க்கைப் போராட்டம் எழுகிறது; அதில் தக்கன பிழைக்கின்றன, தகாதன மறைகின்றன. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்தால் ஓர் ஐயம் எழவேண்டும்.

ஒருவர் இரத்த வங்கிக்குச் சென்று 350 மில்லிலிட்டர் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். அது யாருடைய உடலில் ஏறப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. பெற்றவருக்கும் கொடுத்தவர் யாரென்று தெரியாது. பேருந்தில் மயங்கி விழும் முதியவரைத் தாங்கிப் பிடிக்கப் பத்துக் கைகள் நீளுகின்றன. பிழைப்பதற்கான போராட்டம்தான் மனிதனை உருவாக்கியது என்றால், இந்தக் கைகள் எங்கிருந்து வந்தன? இரக்கம் என்பது இயற்கையின் விதிக்கு விலக்கா? அல்லது அந்த விதியிலிருந்தே விளைந்ததா?

இதற்கு விடை காண, முதலில் ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

'தக்கது' எது?

'தக்கன பிழைத்தல்' என்ற தொடரை முதலில் கையாண்டவர் டார்வின் அல்லர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1864ஆம் ஆண்டு அதைப் பயன்படுத்தினார். 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. அதன் ஐந்தாம் பதிப்பில்தான், அதாவது 1869இல்தான், டார்வின் இத்தொடரைச் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் பலர் 'தக்கது' என்றால் 'வலியது', 'கொடியது', 'அடுத்தவனை மிதித்து மேலேறுவது' என்று பொருள் கொண்டு வருகின்றனர்.

உயிரியலில் அச்சொல்லின் பொருள் வேறு. தன் சூழலில் தன்னைப் போன்ற வழித்தோன்றல்களை மிகுதியாக விட்டுச் செல்வது எதுவோ அதுவே தக்கது. அதற்கு உதவுவது பலமாக இருக்கலாம், வேகமாக இருக்கலாம், மண்ணின் நிறத்தோடு ஒத்த நிறமாக இருக்கலாம், குட்டியைப் பிரியாமல் காக்கும் தாய்மையாகவும் இருக்கலாம். இயற்கைத் தேர்வு குணச்சான்றிதழ் வழங்குவதில்லை. அது வெறும் எண்ணிக்கை பார்க்கிறது.

அந்த எண்ணிக்கையின் ஆற்றலை ஒரு கூட்டு வட்டிக் கணக்கால் விளக்கலாம். ஒரு ஜீன், தன்னைக் கொண்டுள்ள உயிரினத்துக்கு ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதல் வழித்தோன்றல்களைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய இலாபம்தான். நூறு தலைமுறைகளில், அந்த ஜீன் இல்லாதவற்றோடு ஒப்பிட, அதன் விகிதம் 1.01இன் நூறாம் அடுக்கு, அதாவது சுமார் 2.7 மடங்கு ஆகிறது. ஆயிரம் தலைமுறைகளில் ஏறத்தாழ 21,000 மடங்கு! உடலில் கொம்பும் நகமும் இவ்வாறு உருவாயின. உடலைப் போலவே, உணர்ச்சிகளுக்கு அடிப்படையான மூளையின் அமைப்புகளும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை.

அச்சம் என்னும் காவலன்

உணர்ச்சிகளுள் மிகப் பழமையான ஒன்று அச்சம். டார்வின் தம் மீதே செய்துகொண்ட ஒரு சோதனையை 1872இல் வெளிவந்த 'மனிதனிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகளின் வெளிப்பாடு' என்னும் நூலில் கூறியுள்ளார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில், கொடிய நச்சுப் பாம்பு ஒன்று இருந்த தடித்த கண்ணாடிப் பெட்டியின் மீது முகத்தை வைத்துக்கொண்டார். பாம்பு சீறித் தாக்கினாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். பாம்பு தாக்கியது. மறுகணம் அவர் ஓரிரு கஜம் பின்னால் துள்ளியிருந்தார்! கண்ணாடி காக்கும் என்ற அறிவு அந்தக் கணத்தில் அவருக்கு உதவவில்லை.

ஏன் இப்படி? இருட்டில் வழியில் வளைந்து கிடப்பது கயிறா, பாம்பா? கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளினால் இழப்பு, சிறிது ஆற்றலும் உடன் வருபவர்களின் சிரிப்பும்தான். பாம்பைக் கயிறென்று எண்ணி மிதித்தால் இழப்பு உயிர். இரு தவறுகளின் விலை சமமல்ல. எனவே, சற்று மிகையாகவே அஞ்சும் மூளைதான் இந்தக் கணக்கில் வென்றது. ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. கண்ணின் பாவை விரிகிறது. செரிமானம் தளர்ந்து, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் ஒரு நொடியில் ஆயத்தமாகிறது.

தேர்வுக் கூடத்தில் வினாத்தாள் கைக்கு வரும்போதும் உங்கள் உடல் இதையேதான் செய்கிறது. வினாத்தாளைக் கண்டு ஓடவும் முடியாது, அதோடு மல்லுக்கட்டவும் முடியாது! நம் உணர்ச்சிகள் பழைய உலகத்துக்காக உருவானவை. புதிய உலகிலும் அவை பழைய வழக்கப்படியே இயங்குகின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அச்சம் தன்னைக் காக்கிறது. எனவே அது நிலைத்ததில் வியப்பில்லை. ஆனால் பிறரைக் காக்கத் தன்னை இழக்கும் குணம் எவ்வாறு நிலைக்கும்?

உறவின் கணக்கு

இந்தப் புதிரின் முதல் முடிச்சை அவிழ்த்தவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிரிட்டனில் புகழ்பெற்ற விஞ்ஞானியாக இருந்த இவர் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார். 'உடன்பிறந்தவருக்காக உயிரைக் கொடுப்பீர்களா?' என்ற கேள்விக்கு, 'இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ கொடுப்பேன்' என்ற பொருள்பட அவர் வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்வார்கள்.

வேடிக்கைக்குள் ஒரு கணிதம் இருக்கிறது. உங்களிடம் உள்ள ஓர் அரிய ஜீனின் பிரதி, உடன்பிறந்தவரிடமும் இருப்பதற்கான நிகழ்தகவு சராசரியாக 1/2. மாமாவிடமோ அத்தையிடமோ 1/4. ஒன்றுவிட்ட சகோதரரிடம் 1/8. அவர் சித்தப்பா பிள்ளையாயினும் அத்தை பிள்ளையாயினும் கணக்கு ஒன்றே. ஆகவே இரண்டு உடன்பிறப்புகள் பிழைத்தால், அந்த ஜீனின் கணக்கில் நீங்கள் ஒருவர் பிழைத்ததற்குச் சமம்.

1964இல் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கில உயிரியலாளர் இதனை ஒரு விதியாக வகுத்தார். உதவி செய்பவரின் இழப்பைவிட, உதவி பெறுபவரின் இலாபத்தை உறவு விகிதத்தால் பெருக்கி வரும் எண் மிகுதியாக இருந்தால், உதவும் குணம் பரவும். ஜீன்கள் எண்ணுவதில்லை, திட்டமிடுவதில்லை, அவை வேதிப்பொருள்களே. ஆனால் இந்தக் கணக்குக்கு ஒத்த குணங்கள் தலைமுறைதோறும் மிகுகின்றன, ஒவ்வாதன குறைகின்றன.

இயற்கையில் இதற்குச் சான்று உண்டா? கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் தரையில் வளை தோண்டி வாழும் ஒருவகை அணில்களைப் பால் ஷெர்மன் என்பவர் ஆராய்ந்து, 1977இல் முடிவுகளை வெளியிட்டார். பகை விலங்கு வருவதைக் கண்டதும் சில அணில்கள் கீச்சிட்டு எச்சரிக்கும். கீச்சிடும் அணில் தன்னையே காட்டிக்கொடுத்துக்கொள்கிறது. பகைவன் அதைக் குறிவைக்கும் வாய்ப்பு மிகுகிறது. யார் இந்த ஆபத்தை மேற்கொள்கின்றனர்? பெரும்பாலும் பெண் அணில்கள். அதிலும் அருகில் மகளோ தாயோ சகோதரியோ வாழும் பெண் அணில்கள். ஆண் அணில்கள் வளர்ந்ததும் பிறந்த இடத்தைவிட்டுப் போய்விடுகின்றன. சுற்றிலும் உறவினர் இல்லாத அவை பெரும்பாலும் ஓசையின்றி ஒதுங்கிவிடுகின்றன.

அணில் பின்னங்களைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் தாயும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து உங்களுக்குச் சோறு போடவில்லை. அவர் உணர்வது அன்பு. அந்த அன்பு உண்மையானது. கணக்கு நடந்தது பல கோடி ஆண்டுகளின் பரிணாமத்தில். நம் உள்ளத்தில் வந்து சேர்ந்தது அதன் விளைவான பாசம் மட்டுமே.

கைம்மாறு

உறவு கடந்த உதவிக்கு இந்த விதி போதாது. 1971இல் ராபர்ட் டிரைவர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இன்னொரு வழியைக் காட்டினார். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. கொடுப்பவருக்கு இழப்பு சிறிதாகவும், பெறுபவருக்கு இலாபம் பெரிதாகவும் இருந்து, இருவரும் மீண்டும் மீண்டும் சந்திக்க நேர்ந்தால், உறவில்லாதவர்களிடையேயும் உதவி வேரூன்றும்.

கோஸ்டாரிகா நாட்டில் இரத்தம் குடிக்கும் வௌவால்களை ஆராய்ந்த ஜெரால்டு வில்கின்சன் 1984இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தந்தார். இந்த வௌவால் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உணவு பெறாவிட்டால் இறந்துவிடும். வெறும் வயிற்றோடு திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்த ஒரு தோழி தான் குடித்த இரத்தத்தில் சிறிது கக்கி ஊட்டுகிறது. கொடுப்பதற்கு அது சில மணி நேரத் தாக்குப்பிடிக்கும் சக்தியின் இழப்பு. பெறுவதற்கோ மறுநாள் இரவு வேட்டைக்குச் செல்லும் வாய்ப்பு. யாருக்கு யார் ஊட்டுகின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் கணக்கிட்டபோது, உறவைக் காட்டிலும் 'இதற்கு முன் எனக்கு ஊட்டியதா?' என்பதே முக்கியக் காரணியாகத் தெரிந்தது.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறதே! வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன் என்ன ஆவான்? அவனே அதிக இலாபம் அடைவானல்லவா?

பதிலுக்குப் பதில்

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராடு இந்தக் கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டார். ஆட்டம் எளியது. இருவர் ஆடுகின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில் 'ஒத்துழைப்பு' அல்லது 'ஏமாற்று' என்று தெரிவிக்க வேண்டும். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால், ஏமாற்றியவருக்கு 5, ஏமாந்தவருக்குச் சுழி.

ஒரே ஒரு சுற்று என்றால் ஏமாற்றுவதே இலாபம். எதிரி ஒத்துழைத்தால் 3க்குப் பதில் 5. ஏமாற்றினால் சுழிக்குப் பதில் 1. ஆனால் இருவரும் இப்படியே எண்ணினால் ஆளுக்கு 1 புள்ளியோடு நிற்பார்கள். 200 சுற்றுகள் ஆடினால், இருவர் விடாமல் ஏமாற்றிப் பெறுவது ஆளுக்கு 200. விடாமல் ஒத்துழைத்துப் பெறுவது ஆளுக்கு 600!

ஆக்சல்ராடு பல அறிஞர்களிடம் இந்த ஆட்டத்துக்கான உத்திகளைக் கணிப்பொறி நிரல்களாகக் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று மோதவிட்டார். 14 நிரல்கள் வந்தன. சில மிகவும் தந்திரமானவை. வென்றதோ, அவற்றுள் மிக எளியது. அனடோல் ராப்பபோர்ட் என்பவர் அனுப்பிய அதன் பெயர் 'பதிலுக்குப் பதில்'. முதல் சுற்றில் ஒத்துழை. அதன்பின், எதிரி சென்ற சுற்றில் செய்ததையே நீயும் செய். அவ்வளவுதான். இந்த முடிவை எல்லோருக்கும் தெரிவித்தபின் ஆக்சல்ராடு இரண்டாவது போட்டியை நடத்தினார். இம்முறை ஆறு நாடுகளிலிருந்து 62 நிரல்கள் வந்தன. மீண்டும் 'பதிலுக்குப் பதில்' வென்றது.

இதில் ஒரு விந்தை உண்டு. இந்த உத்தி எந்தத் தனி ஆட்டத்திலும் எதிரியைவிட அதிகப் புள்ளி எடுக்கவே முடியாது. அது முதலில் ஏமாற்றுவதே இல்லை அல்லவா? சமன் செய்யும், அல்லது சற்றுப் பின்தங்கும். ஒருவரையும் தோற்கடிக்காமல் மொத்தத்தில் முதலிடம் பெற்றது! ஏனெனில் ஏமாற்றுக்காரர்கள் தமக்குள் மோதித் தேய்ந்தனர். ஒத்துழைப்பவர்களோ கூடி வளர்ந்தனர்.

இதற்கும் ஒரு குறை உண்டு. இரைச்சலில் ஒருவர் சொன்னது தவறாகக் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? 'ஏமாற்றிவிட்டான்' என்று இவர் பழிவாங்க, அதற்கு அவர் பழிவாங்க, தவறு முடிவின்றி எதிரொலிக்கும். மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்ற இருவர் 1992இல் காட்டிய கணக்குப்படி, தவறுகள் நேரக்கூடிய உலகில் சுமார் மூன்றில் ஒரு முறை மன்னித்துவிடும் உத்தியே நன்றாகச் செயல்படுகிறது. மன்னிப்புக்கும் ஓர் எண்மதிப்பு கிடைத்துவிட்டது!

இப்போது உங்கள் உள்ளத்தைப் பாருங்கள். உதவியவரிடம் தோன்றும் நன்றி. ஏமாற்றியவன் மேல் எழும் சினம். நாமே ஏமாற்றியபின் உறுத்தும் குற்ற உணர்வு. அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற வெட்கம். வருந்தி வந்தவனை மன்னித்துவிடும் இளக்கம். கைம்மாறு என்னும் நீண்ட ஆட்டத்தை ஒழுங்காக நடத்திச் செல்லும் கணக்குப் பிள்ளைகள் இவை என்று டிரைவர்ஸ் விளக்கினார்.

செய்து பாருங்கள்: ஆளுக்கு இரண்டு சீட்டுகள் எடுத்து, ஒன்றில் 'ஒ' என்றும் மற்றதில் 'ஏ' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று என்று எண்ணியதும் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் காட்டுங்கள். மேலே சொன்ன புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 'பத்தே சுற்று' என்று அறிவித்து ஆடுங்கள். பிறகு, மூன்றாமவர் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லலாம் என்ற விதியோடு ஆடுங்கள். முதல் ஆட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் என்ன நிகழ்கிறது என்று கவனியுங்கள். மீண்டும் சந்திக்கமாட்டோம் என்ற நிலை மனிதரை எப்படி மாற்றுகிறது என்பது விளங்கும்.

நியாயம் என்ற உணர்வு

ஜெர்மனியின் கொலோன் நகரில் வெர்னர் கூத் என்பவரும் அவர் தோழர்களும் 1982இல் வேறோர் ஆட்டத்தின் முடிவுகளை வெளியிட்டனர். அதை நம் நாணயத்தில் சொல்வதானால், உங்களிடம் 100 ரூபாய் தரப்படுகிறது. அதில் ஒரு பங்கை முன்பின் அறியாத ஒருவருக்குத் தருவதாகச் சொல்ல வேண்டும். அவர் ஏற்றால் இருவரும் பங்கைப் பெறலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

இலாபம் ஒன்றே நோக்கமென்றால், ஒரு ரூபாய் தந்தாலும் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். சுழியைவிட ஒன்று பெரிதல்லவா? ஆனால் இந்த ஆட்டத்தைப் பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஆடியபோது, பெரும்பாலோர் 40 முதல் 50 பங்குவரை தருவதாகக் கூறினர். 20க்கும் குறைவாகத் தந்தபோது பலர், 'உன் பணமும் வேண்டாம், நீயும் பெற வேண்டாம்' என்று மறுத்தனர். அநியாயத்தைத் தண்டிக்கத் தம் கைப்பொருளையே இழந்தனர்!

எனில் நியாய உணர்வு எல்லோரிடமும் ஒரே அளவாகப் பிறவியிலேயே அமைந்ததா? அப்படியும் இல்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் 15 சிறு சமூகங்களில் இந்த ஆட்டம் ஆடப்பட்டது. பெரு நாட்டின் மாச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 பங்கு தந்தனர். இந்தோனேசியாவின் லாமலேரா மக்கள் 58 பங்கு தந்தனர். முன்னவர்கள் குடும்பத்தளவில் வேளாண்மை செய்து வாழ்பவர்கள். பின்னவர்கள் கூட்டமாகப் படகேறித் திமிங்கிலம் வேட்டையாடி, இறைச்சியை முறைப்படி பங்கிடுபவர்கள்.

மொழியை எண்ணிப் பாருங்கள். பேசும் திறன் பிறவியில் வருகிறது. பேசுவது தமிழா ஜப்பானிய மொழியா என்பது வளரும் இடத்தைப் பொறுத்தது. ஒழுக்கமும் இத்தகையதே. திறன் பரிணாமத்தின் கொடை. அதன் வடிவம் சமூகத்தின் கைவண்ணம்.

வட்டத்தின் எல்லை

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'நன்று. இயற்கை நம்மை நல்லவர்களாகவே படைத்துவிட்டது' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். உறவுக்கும் கைம்மாற்றுக்கும் ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்கு வெளியே?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் உங்கள் வயதுடைய 14, 15 வயது மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, 1970இல் அதை விவரித்தார். மாணவர்களுக்கு இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். அதன்படி இரு குழுக்களாகப் பிரிப்பதாகச் சொன்னார். உண்மையில் மனம் போனபடிதான் பிரித்தார். தன் குழுவில் யார் யார் என்று எவருக்கும் தெரியாது. பின், பிற மாணவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். மாணவர்கள் தம் குழுவுக்கே சலுகை காட்டினர். அதைவிட வருந்தத்தக்க செய்தி, தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும், அடுத்த குழுவைவிட மிகுதியாக இருந்தால் போதும் என்று பலர் பங்கிட்டதுதான். முகமறியாதவர்களைப் பிரிக்க ஓர் ஓவியத்தின் பெயர் போதுமானதாயிற்று! சாதி, மதம், இனம், நாடு என்ற பெயர்கள் எவ்வளவு எளிதாக இந்தப் பழைய பொறியை முடுக்கிவிடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வினாத்தாளைக் கண்டு துடிக்கும் இதயத்தைப் போலவே இதுவும் பழைய உலகத்தின் எச்சம்தான். சிறு கூட்டங்களாக வாழ்ந்த காலத்தில் உருவான மனத்தோடு இன்று எண்ணூறு கோடி மக்களுக்கிடையே வாழ்கிறோம்.

இருப்பதும் இருக்க வேண்டியதும்

இங்கேதான் பெரிய பிழை ஒன்று நேர்ந்தது. 'இயற்கை பலவீனரை அழிக்கிறது. எனவே நாமும் அவர்களைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது' என்று சிலர் வாதிட்டனர். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883இல் 'இன மேம்பாட்டியல்' என்ற துறைக்குப் பெயரிட்டார். 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1927இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே இத்தகைய சட்டம் செல்லும் என்றது. அமெரிக்காவில் இவ்வாறு 60,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஜெர்மனியில் நாஜிகள் 1933இல் இயற்றிய சட்டத்தால் சுமார் நான்கு லட்சம் பேர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாயினர். பின்னர் அங்கே ஊனமுற்றோரைக் கொல்லும் கொடுமையும் நிகழ்ந்தது.

இதற்கு எதிராக ஒரு குகையின் சாட்சியம் உண்டு. 1957இல் ஈராக்கின் ஷானிடார் குகையில் ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அவனுடைய ஒரு கண்ணருகே எலும்பு நொறுங்கியிருந்தது. அக்கண் பார்வை போயிருக்க வேண்டும். வலக்கை சூம்பி, அதன் கீழ்ப்பகுதி இல்லாமற் போயிருந்தது. காலும் ஊனம். ஆயினும் இக்காயங்கள் யாவும் ஆறியிருந்தன. அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்து, ஏறத்தாழ நாற்பது வயதில் இறந்திருக்கிறான். துணையின்றி இது நடந்திருக்காது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எழுத்தறியாத குகைவாசிகள் சுமந்து காத்த ஒருவனைத்தான், இருபதாம் நூற்றாண்டின் சட்டப் புத்தகங்கள் 'தகுதியற்றவன்' என்றன.

பிழை எங்கே? ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம், டார்வினுக்கு நூறாண்டுகளுக்கும் முன்னரே அதைச் சுட்டியிருந்தார். 'இவ்வாறு இருக்கிறது' என்ற கூற்றிலிருந்து மட்டும் 'இவ்வாறு இருக்க வேண்டும்' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. டார்வினின் நெருங்கிய ஆதரவாளரான தாமஸ் ஹக்ஸ்லியும் 1893இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், ஒழுக்கத்தில் முன்னேறுவது என்பது இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதன்று, அதனை எதிர்த்து நிற்பதே என்று வலியுறுத்தினார்.

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் உவமை இது. புவியீர்ப்பு எல்லாப் பொருள்களையும் கீழே இழுக்கிறது. ஆதலால் விழுவதுதான் நம் கடமை என்று எவரும் சொல்வதில்லை. பாலம் கட்டுகிறோம், விமானம் விடுகிறோம். அதே சமயம், புவியீர்ப்பு இல்லவே இல்லை என்று எண்ணிக்கொண்டு பாலம் கட்டும் பொறியாளரின் பாலம் நிற்காது. மனித இயல்பும் அப்படித்தான். நம்முள் இயங்கும் விசைகள் எவை, அவை எத்திசையில் இழுக்கின்றன என்று அறிய வேண்டும். அறிந்தபின், எங்கே செல்வது என்று நாம் தீர்மானிக்க வேண்டும். முதல் வேலை அறிவியலுடையது. இரண்டாவது வேலையை எந்த விதியும் நமக்காகச் செய்து தராது.

வட்டம் விரியுமா?

விரியும் என்று டார்வினே எழுதியிருக்கிறார். 1871இல் வெளிவந்த 'மனிதனின் வழித்தோற்றம்' என்ற நூலில், சிறு குலங்கள் பெரிய சமூகங்களாக இணையும்போது, முன்பின் அறியாத நாட்டவரிடமும் பரிவு காட்டப் பகுத்தறிவு மனிதனுக்குச் சொல்லும் என்றும், அந்த நிலையை எட்டியபின் எல்லா இன மக்களிடமும் பரிவு பரவுவதற்குச் செயற்கையான தடை ஒன்றே எஞ்சியிருக்கும் என்றும் அவர் கருதினார்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரியம்மை என்ற கொடிய நோயை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று 1958இல் சோவியத் யூனியன் உலக சுகாதார அமைப்பில் முன்மொழிந்தது. அப்போது அதற்கும் அமெரிக்காவுக்கும் இடையே கடும் பகை. ஆயினும் இந்த ஒரு வேலையில் இரு நாடுகளும் தோள்கொடுத்தன. ஊர் ஊராக, வீடு வீடாக அம்மை குத்தப்பட்டது. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார்; 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தாம் ஒருபோதும் சந்திக்காத, தமக்கு எந்தக் கைம்மாறும் செய்ய முடியாத, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காகவும் மனிதர் உழைத்தனர். நீங்களும் நானும் அந்தக் குழந்தைகளுக்குள் அடங்குவோம். உங்களுக்கு அம்மை குத்த வேண்டிய தேவையே எழவில்லை.

எனவே, 'தக்கன பிழைக்கும். உலகம் அப்படித்தான்' என்று இனி யாரேனும் உங்களிடம் சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தக்கது என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? உலகம் அப்படித்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அப்படியே இருக்க வேண்டுமா? முதல் கேள்விக்கு விடை இக்கட்டுரையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடையை உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில், நீங்கள் யாரையெல்லாம் 'நம்மவர்' என்று எண்ணுகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.